நத்தை

ஏழாவது படி உடைந்தது
ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர் வரும் நேரம்.
தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால்
இருவர் தோள் உரசாமல் நடக்க முடியாத சந்தில்
மேல்தளத்துக்கு ஏணிதான் வழி.

இசக்கியம்மாள் விழுந்தது
ஷமீம் பானு வாங்கிய ஏணியிலிருந்து.
ரசீது ஷமீம் பானு பெயரில்.
இடுப்பெலும்பு இசக்கியம்மாளுடையது.

இவ்வளவுதான் வழக்கு.

பாந்த்ராவில், மூன்றாம் மாடியில்,
எதிர்த்தரப்பு வக்கீல் கார்கானிஸ்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"வாங்கியவர் விழவில்லை. விழுந்தவர் வாங்கவில்லை.
எங்கள் கம்பெனிக்கு இந்த அம்மாள் யார்?"
நல்ல வாக்கியம். எனக்கே பொறாமையாக இருந்தது.

நான் எழுந்து ஒரு நத்தையைப் பற்றிச் சொன்னேன்.
தொண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்
ஸ்காட்லாந்தில்
கடைவேலைக்காரி ஒருத்திக்கு
தோழி வாங்கித் தந்த இஞ்சிச் சோடா.
உள்ளே இருப்பது தெரியாத கரும்புட்டி.
பாதி குடித்து மீதியை ஊற்றும்போது
அழுகிய நத்தை மிதந்து வந்ததாம்.
காசு தோழியுடையது, வயிறு இவளுடையது.
ஐந்து பிரபுக்கள் யோசித்தார்கள்.
மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள்.
உன் கவனக்குறைவு யாரையெல்லாம் நேராகப் போய்த் தொடுமோ
அவர்களெல்லாம் உனக்கு அயலார் என்றார்கள்.

ஆணையத் தலைவர் முழுவதும் கேட்டுவிட்டு
மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

இசக்கியம்மாள் என் கோட்டை இழுத்தாள்.
"என்ன சொல்லுதீய?"
தமிழில் சொல்லப்போய் அயலாரில் இடறினேன்.
பக்கத்து வீட்டுக்காரனும் அயலான்,
யாரென்றே தெரியாதவனும் அயலான்.
ஒரே சொல்
இரண்டு வீட்டிலும் வாடகைக்கு இருக்கிறது.
"பக்கத்து வீட்டுக்காரின்னா ஷமீம்தான்" என்றாள்.
"மூணு மாசம் எனக்குக் கஞ்சி ஊத்துனவ.
கம்பெனிக்காரன் எப்பிடி?
அவன் பிவண்டியில இருக்கான்."

பிறகு கார்கானிஸ் கேட்டார், ஏணி எங்கே?

ஏணி இல்லை.
விழுந்த மறுநாளே
அலுமினியத்துக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டார்கள்.
தாராவியில் எந்தப் பொருளும்
மூன்று நாளுக்கு மேல் அதே பொருளாக இருப்பதில்லை.
இந்நேரம் யார் வீட்டிலோ குழம்பு கொதிக்கிறது அதில்.
கையில் இருந்தது ஒரு போட்டோ:
கொடியில் காயும் துப்பட்டா, ஓர் ஆட்டின் பின்பக்கம்,
நடுவே மங்கலாக
படியாகவும் இருக்கலாம் நிழலாகவும் இருக்கலாம்.

ஐந்து வாய்தா.
ஒன்றுக்கு அவர் வரவில்லை, ஒன்றுக்கு நான்.
ஒன்றுக்கு மழை.
கடைசியில் நாற்பத்தெட்டாயிரம்,
தவறை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில்.
ஆஸ்பத்திரி பில் ஒன்றேகால் லட்சம்.
நான் சிபாரிசு செய்தேன், அவள் கைநாட்டு வைத்தாள்.
என் தொகையைக் கழிக்கவில்லை.
இதை எழுதும்போதும்
அதைச் சொல்லிக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

லிப்ட் வேலை செய்யவில்லை.
ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து
இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கேட்டாள்:
"அந்தம்மாவுக்கு எவ்வளவு கெடச்சுது?"

வழக்குப் போடலாம் என்றுதான் தீர்ப்பு.
விசாரணை வருவதற்குள் சோடாக்காரர் செத்துப்போனார்.
ஏதோ கொடுத்துச் சமாதானமாகிவிட்டார்கள்.

"அப்ப நத்தை?"

நத்தை இருந்தது என்று
யாரும் நிரூபிக்கவே இல்லை, அம்மா.

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
இடுப்பு வலிக்கும்வரை.
பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு,
"வயித்துவலி சரியாச்சா அவளுக்கு?"

முதலாண்டில் படித்தது. பரீட்சையில் எழுதியது.
இருபது முறையாவது மேற்கோள் காட்டியது.
எனக்கு அது தெரியாது.

கீழே ஆட்டோவில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
ஷமீம் பானு தலையை நீட்டி மேலே பார்த்து
எண்ணிச் சொன்னாள்,
இன்னும் பதினொரு படி.